மணிக்கட்டில் போட்ட ஊசி

1963, செப்டம்பர் 9, திங்கள்

காலையிலிருந்தே வெக்கை. காற்றே இல்லை. முதல் வண்டிக்கு மதுரை, இவரும் நானும். எலும்பு டாக்டர். ஊசி போட்டாயிற்று.

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. யார் படிக்கப் போகிறார்கள்.

வலது மணிக்கட்டு. கட்டைவிரலுக்கு நேர் கீழே. சித்திரையில் ஆரம்பித்த வலி. குழவியைப் பிடித்து ஆட்ட முடியாது, துணி பிழிய முடியாது, பேனா பிடித்தால்கூடச் சுண்டும். பற்றுப் போட்டாயிற்று, எண்ணெய் தேய்த்தாயிற்று, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியாயிற்று. ஒன்றுக்கும் கேட்கவில்லை. இவருடைய மிளகாய், மல்லி கமிஷன் கடைக்கு வருகிற ஒருவர் சொல்லித்தான் இந்த டாக்டர்.

மருந்துக்கு ஸ்டீராய்டு என்று பேராம். புதுசாம். வலிக்கிற இடத்துக்குள்ளேயே போடுவது. ஊசி இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் எல்லாவற்றையும் இவரிடம்தான் கேட்டார். "அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?" இவர் உடனே, "அதெல்லாம் கிடையாதுங்க." எனக்கு உண்டா இல்லையா என்று இவருக்கு எப்படித் தெரியும். இதுவரை யாரும் பார்த்ததே கிடையாது.

பிறகு, "நீங்க வெளிய உட்காருங்கம்மா." உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. டாக்டர் ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொல்கிறார். இவர் தலையாட்டுகிறார். பார்வை ஜன்னலுக்கு வெளியே.

ரயிலில் கேட்டேன்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் கைய அசைக்கக் கூடாதாம். வலி கொஞ்சம் கூடுனாலும் கூடுமாம். இன்னைக்குத் தண்ணி படக்கூடாது."

"வேற?"

"வேற என்ன. அம்புட்டுத்தான்."

அவ்வளவு விரல் மடக்கினாரே. திருமங்கலம் வருவதற்குள் இவர் தூங்கிவிட்டார்.

செப். 10, செவ்வாய்

வலி கூடிவிட்டது. கொஞ்சம் இல்லை. ஊசிக்கு முன்னால் இருந்ததே தேவலை என்கிற மாதிரி. முகம் வேறு ஜிவுஜிவென்று எரிகிறது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கன்னமும் சிவந்து கிடக்கிறது. நாளெல்லாம் வெயிலில் பருத்தி எடுத்தவள் மாதிரி.

பொன்னுத்தாய் வந்தாள். இவருடைய தங்கை, அடுத்த தெரு. என் முகத்தைப் பார்த்ததும் முடிவே செய்துவிட்டாள்.

"சூடு மதினி. ஊசி மருந்து தலைக்கு ஏறிருச்சு. கத்தரிக்கா ஆகாது. கருவாடு ஆகாது. மொச்சை வாயிலயே வைக்காதீக. தயிரு வேண்டாம்."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டருக்கு என்ன தெரியும்."

மிச்சம் இருப்பது கஞ்சியும் துவையலும். துவையல் வசந்தா அரைத்தாள். உப்பு இல்லை. என் மகளுக்கு டைப்ரைட்டிங் வரும், ஷார்ட்ஹாண்ட் வரும். துவையலுக்கு உப்புப் போட வராது.

செப். 11, புதன்

தூக்கமே இல்லை. வலியால் இல்லை. மண்டைக்குள் யாரோ விளக்கை அணைக்காமல் போய்விட்டது மாதிரி. விடிவதற்கு முன்பே எழுந்து பாத்திரம் எல்லாவற்றையும் இடது கையால் தேய்த்தேன்.

நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். சூடாகத்தான் இருக்கிறது. முகச்சூடா, காய்ச்சலா? சாப்பாட்டில் இவரிடம்:

"காய்ச்சல் வந்தா என்ன செய்யணும்னாரு?"

மென்று முழுங்கிவிட்டு, "ஆமா, காய்ச்சல் வந்தாலோ, அந்த இடம் செவந்து வீங்கிக்கிட்டே போனாலோ உடனே கூட்டியாரச் சொன்னாரு. உள்ள சீழ் வச்சிரக் கூடாதாம்."

"இத ஏன் முந்தாநாளே சொல்லல?"

"வந்தாத்தான சொல்லணும்."

டாக்டர் சொன்னது பூராவும் இவர் வயிற்றுக்குள் இருக்கிறது போல. சோறு உள்ளே போகப்போக ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. முகம் சிவப்பதைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். மோர் ஊற்றிக்கொண்டே, "சொன்னாரு. நாலஞ்சு நாள்ல போயிருமாம்."

காய்ச்சல் இல்லை. வீக்கமும் ஏறவில்லை. ஈரத்துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

செப். 14, சனி

வலி போய்விட்டது. குறைந்தது என்று எழுதவில்லை. போயே விட்டது. வலது கையால் எழுதுகிறேன்.

இன்று செய்தவை: மாவு ஆட்டினேன். போர்வை இரண்டு துவைத்துப் பிழிந்தேன். கிணற்றில் ஆறேழு வாளி இறைத்தேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. கத்தரிக்காய் பொன்னுத்தாய்க்காகவே போட்டது.

சாயங்காலம் குடத்தை இடுப்பில் வைத்து வாசல் ஏறுகிறேன். இவர் எதிரே வந்தவர், "இதென்ன, பாரம் தூக்குற? ரெண்டு வாரத்துக்கு ஆகாதுன்னாரே" என்றார். குடத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பேசினால் என் குரல் தெருவுக்குக் கேட்கும்.

செப். 23, திங்கள்

வெயில். வாசலில் மல்லி காயப்போட்டிருக்கிறது.

நாள் கணக்குத் தப்பி, முன்னதாகவே வீட்டுக்கு விலக்கு. அதிகமாகவும் இருக்கிறது. நாற்பத்திரண்டு வயசு. நிற்கிற காலம் வந்துவிட்டதா, இல்லை இதுவும் ஊசியா. யாரிடம் கேட்பது. இவரிடம் கேட்க முடியுமா.

சிவகாசியிலிருந்து அண்ணன் வந்தார். தன் பட்டாசுக் கம்பெனி சீசன் நெருக்கடியிலும் வந்தது வசந்தாவுக்காக. சாத்தூரில் ஒரு வரன். தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் வைத்திருக்கிற குடும்பம். தகப்பனார் இல்லை, அந்த அம்மாதான் எல்லாம் பார்க்கிறார். பையன் சுந்தரம், பி.காம்., சாது. ஜாதகம் பொருந்துகிறதாம். தீபாவளி முடிந்து பார்க்க வருவார்கள். வசந்தா படத்தைப் பார்த்தாள். "மீசை நல்லா இல்ல" என்றாள். படத்தைத் திருப்பித் தரவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

நல்ல மழை. தெருவெல்லாம் சேறு.

பருப்புக் களைகிறபோதுதான் பார்த்தேன். ஊசி போட்ட இடம் வெளுத்திருக்கிறது. புளியங்கொட்டை அளவு. தோலும் மெலிந்து லேசாகக் குழி விழுந்து, உள்ளே நரம்பு பச்சையாகத் தெரிகிறது. தேய்த்தேன். போகவில்லை. சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று சோப்புப் போட்டுக்கூடப் பார்த்தேன்.

வளையலை இழுத்து மேலே விட்டேன். நிற்காமல் நழுவி வருகிறது.

அக். 24, வியாழன்

வெள்ளை இன்னும் நீண்டு முழங்கைப் பக்கம் வால் மாதிரி ஏறுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு, மரத்துப்போயிருக்கிறதா என்று தையல் ஊசியால் குத்திப் பார்த்தேன். சுரீரென்று வலித்தது. வலித்ததற்காக உட்கார்ந்து அழுதேன்.

கிணற்றடியில், நான் பின்னால் நிற்பது தெரியாமல் என்னைப் பற்றி இரண்டு பேர்:

"செம்பகத்துக்குக் கையில வெள்ளை விளுந்திருக்காம்ல."

"பொண்ணுக்கு வேற மாப்பிள்ள பேசுறாக."

"அதான சொல்றேன்."

மத்தியானம் பொன்னுத்தாய். கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "குட்டமா இருக்குமோ மதினி. வெண்குட்டமாவது இருக்கும்" என்றாள். பிறகு எழுந்து போய்க் கை கழுவினாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. சோப்புப் போட்டு.

இவரிடம் காட்டினேன். "போகப் போகச் சரியாயிரும்." எது போகும், எப்போது சரியாகும்? தெரியாது. கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அக். 28, திங்கள்

மதுரைக்குப் போய்வந்தேன். இவரிடம் சொல்லவில்லை. வசந்தாவை மட்டும் கூட்டிக்கொண்டேன். இந்தத் தடவை டாக்டர் முன்னால் நானே உட்கார்ந்தேன்.

கையைப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது நோய் இல்லம்மா. அந்த மருந்து செய்யிற வேலை. சில பேருக்கு ஊசி போட்ட இடம் வெளுக்கும், தோல் மெலியும், குழியும் விழும். யாருக்கும் ஒட்டாது. பல மாசம் ஆகும், ஆனா பெரும்பாலும் நிறம் திரும்பிரும். இதைத்தான் உங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே சொன்னேனே."

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் மேஜை மேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்தேன்.

அவளை வைத்துக்கொண்டே மற்றதையும் கேட்டேன். நாள் தப்பி வந்தது. "அதுவும் இந்த ஊசியால வரலாம். அடுத்த தடவை சரியாயிரும், ஆகலேன்னா வாங்க" என்றார்.

"அதையும் இவுககிட்டச் சொன்னீகளா?"

"அதை ஆம்பளைகிட்ட எப்படிம்மா சொல்றது?"

என்னிடமும் சொல்லவில்லை. அப்புறம் யாரிடம் சொல்வதாக இருந்தார்.

சர்க்கரையும் பார்க்கச் சொன்னேன். சிறுநீரை ஒரு நீல மருந்தில் விட்டு விளக்கில் காய்ச்சினார்கள். நீலம் நீலமாகவே இருந்தது. சர்க்கரை இல்லை. இருந்திருந்தால் இந்த ஊசி அதை ஏற்றிவிட்டிருக்குமாம்.

இது நோய் இல்லை என்று ஒரு காகிதம் எழுதித் தரக் கேட்டேன். சிரித்தார். "காகிதத்தைக் காட்டினாத்தான்மா சந்தேகமே வரும்."

வீட்டுக்கு வந்து இவரிடம்:

"தோல் வெளுக்கும்னு உங்ககிட்டச் சொன்னாராமே."

"சொல்லியிருப்பாரு. அன்னைக்கு மல்லி லோடு தூத்துக்குடிக்குப் போக வேண்டியது. லாரி வந்துச்சோ இல்லையோன்னு மனசு அங்கன இருந்துச்சு."

"கை என்னோடது. என்னைய வெளிய உக்கார வச்சுட்டு, மனச லாரியில ஏத்தி விட்டீகளாக்கும்."

"அவரு வெளிய உக்காருன்னாரு, நீ உக்காந்த. நான் என்ன செய்ய?"

ஏன் உட்கார்ந்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

தீபாவளி வேலை. சீடைக்கு மாவு இடித்தேன். கை ஒத்துழைக்கிறது. வலி துளி இல்லை. இந்தக் கையைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒரு ஆள் இல்லை.

பலகாரம் கொடுத்தனுப்பினால் வாங்குகிறார்கள். தின்கிறார்களா என்று தெரியவில்லை. எதிர்வீட்டில் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தட்டு வைத்த இடத்தைத் துடைத்தார்கள்.

நவ. 19, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை சாத்தூரிலிருந்து வருகிறார்கள். இன்று வீட்டில் மாநாடு. இவர், பொன்னுத்தாய், நான்.

பொன்னுத்தாய்: "முழுக்கை ரவிக்கை தச்சிருவோம். மீறிக் கேட்டா சுடு எண்ணெ தெறிச்சதுன்னு சொல்லுவோம்."

"எதுக்கு? ஊசி போட்டது, தோல் வெளுத்துருச்சு. உள்ளதச் சொன்னா என்ன?"

இவர்: "ஊசின்னா, எந்த நோய்க்கு ஊசின்னு அடுத்தாப்ல கேப்பாக."

"மணிக்கட்டு வலிக்குன்னு சொல்றது."

"நம்பணுமே."

நம்பாததை நம்ப வைக்க ஒரு பொய். நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். "நீங்க பேசவே வேண்டாம் மதினி, அடுப்படியிலயே இருங்க" என்றாள். என் மகளைப் பார்க்க வருகிறார்கள், நான் அடுப்படியில்.

ரவிக்கைக்குத் துணி எடுத்துக் கொடுத்தாயிற்று. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

நவ. 24, ஞாயிறு

வந்து போய்விட்டார்கள். மேகமூட்டம். கேசரி நன்றாக வந்தது.

சாத்தூரம்மா வாட்டசாட்டமான மனுஷி. பேச்சு குறைவு, கண் எல்லா இடத்திலும். பையன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. படத்தில் இருந்த மீசை நேரில் இல்லை. வசந்தா காப்பி கொடுத்தபோது அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்த அம்மா அடுப்படிக்கே வந்துவிட்டார். நான் முழுக்கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு வடை எடுத்துக்கொண்டிருந்தேன். நேராகக் கையைப் பார்த்தார்.

"இது என்ன?"

சொன்னேன். வலி, மதுரை, ஊசி, மருந்துக்குத் தோல் வெளுத்தது, டாக்டர் சொன்னது, எல்லாம். முடிகிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். "அப்படியா" என்றார். ஒரு வடையை எடுத்துப் பிட்டு அங்கேயே தின்றார். மனசு லேசாகிவிட்டது. இவ்வளவு சுலபமான காரியத்துக்கா இத்தனை பாடு.

நவ. 27, புதன்

அண்ணன் வந்தார். முகமே சரியில்லை. சாத்தூரில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நடந்தது இது. எங்கோ கேள்விப்பட்டு, அந்த அம்மா அடுப்படிக்கு வருவதற்கு முன்னாலேயே பொன்னுத்தாயிடம் என் கையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். சுடு எண்ணெய் என்று இவள் சொல்லியிருக்கிறாள். என்னிடம் கேட்டதற்கு நான் ஊசி. கிளம்பும்போது வாசலில் இவரிடமும் கேட்டிருக்கிறார். இவருக்கு எண்ணெய் மறந்துவிட்டது. "மச்சான் கம்பெனிக்குப் போயிருந்தப்ப பட்டாசு மருந்து பட்டுருச்சு" என்று அடித்து விட்டிருக்கிறார்.

அண்ணன் சொன்னார்: "அந்தம்மா கேக்குறாக, ஒரு கைக்கு மூணு கதையான்னு. 'வெள்ளை விளுந்த கையப் பத்தி எனக்குக் கவலை இல்ல. இதுலயே இம்புட்டுக் கதைன்னா மத்ததுல எம்புட்டு இருக்கும்'னு சொல்றாக. என் கம்பெனி மருந்தையும் இழுத்து விட்டாச்சு. இனி நான் இதுக்குப் பதில் சொல்லிக்கிட்டுத் திரியணும்."

இவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பொன்னுத்தாய் எனக்குத்தான் குறை சொன்னாள். "நீங்களும் எண்ணெயின்னே சொல்லியிருந்தா ரெண்டு கதையாவது ஒத்துப் போயிருக்கும் மதினி."

அவளிடம் கத்தினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அப்படிக் கத்தியதில்லை. தெருவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

வசந்தா டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

பனி. மார்கழி பிறக்கப் போகிறது, இனிக் கல்யாணப் பேச்சும் கிடையாது.

இவர் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார். கடைக்குக் கிளம்பும் முன், "ஏதாச்சும் வாங்கியாரணுமா?" என்று கேட்கிறார். நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டே, தானாக: "அந்த டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு. அடிக்கடி அந்த ஊசி போடக் கூடாதாம். வருஷத்துக்கு ரெண்டோ மூணோதானாம்." அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. "இன்னும் ஏதாவது உள்ள இருக்கா?" என்றேன். யோசித்தார். "இல்ல" என்றார். நம்பவில்லை.

வசந்தா வெளுத்த இடத்தில் விரல் வைத்து, "அந்தப் பையன் மீசைய எடுத்துட்டு வந்திருந்தாரு, பாத்தியாம்மா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு அந்தப் பேச்சு இல்லை. அவள் பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

1964, பிப்ரவரி 5, புதன்

வெயில் ஏறுகிறது. மிளகாய் வரத்து அதிகம், தெரு முழுக்கத் தும்மல்.

பதினோரு மணிக்கு வாசலில் ஜட்கா வண்டி. சாத்தூரம்மா. தனியாக. இந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவராம். வாசல் படியில் ஏற முடியவில்லை. நான் போய்க் கைகொடுத்தேன். வலது கைதான் நீட்டினேன், வேண்டுமென்றே. பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.

உட்கார்ந்ததும், "முளங்காலு. ஐப்பசியிலேருந்து இருந்தது, இப்ப உக்காந்தா எந்திரிக்க முடியல. நீங்க போன டாக்டரு எந்தத் தெரு?"

சொன்னேன்.

"அன்னைக்கு நீங்க சொன்னதுதான் நெசம்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த ஊசி போட்டா என்னென்ன செய்யும்? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

ஒன்று விடாமல் சொன்னேன். முதல் இரண்டு நாள் வலி கூடும், பயப்பட வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ வீங்கிச் சிவந்துகொண்டே போனாலோ காத்திருக்கக் கூடாது. வலி போனதும் ஆட்டம் போடக் கூடாது. முகம் எரியும், தூக்கம் வராது. சர்க்கரை உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தோல் வெளுக்கலாம். அடிக்கடி போடக் கூடாது. "டாக்டர் வெளிய உக்காருன்னா உக்காராதீக. எல்லாத்தையும் நீங்களே காதால கேளுங்க" என்றேன்.

"என்னைய யாரு வெளிய உக்கார வைப்பா" என்றார். நிஜம்தான்.

வெளுத்த இடத்தைக் காட்டச் சொன்னார். ஓரங்களில் பழைய நிறம் லேசாக ஏறியிருக்கிறது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கை கழுவவில்லை. முறுக்கு எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது: "எம்மவன் வேற பொண்ணு பாக்க மாட்டேங்கான். நீங்க இன்னும் மனசு வச்சிருந்தா, மாசியில வந்து பேசி முடிப்போம். உங்க வீட்டுக்காரரையும் அந்த நாத்தனாரையும் பேச விடாதீக."

மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வசந்தா கிளாசிலிருந்து வந்தாள். சொன்னேன். செருப்பைக் கழற்றாமல் நின்று முழுக்கக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள்:

"முதல்ல அவுக முழங்கால் சரியாகட்டும்மா. அப்புறம் பாப்போம்."